காணி உறுதியை ஈடு வைத்து லொறி ஓடக் கனடா போகலாமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 28, ஏ.எல். வரை படிப்பு, ஆறு வருடமாக டிப்பரும் லொறியும் ஓட்டுகிறார், கனரக லைசன்ஸ் இருக்கிறது. வவுனியாவில் ஒருவர் 35 லட்சம் கொடுத்தால் கனடாவில் லொறி ஓட்டுநர் வேலைக்கு எல்எம்ஐஏ, அதாவது வெளியாரை வேலைக்கு எடுக்க முதலாளிக்குக் கனடா அரசாங்கம் கொடுக்கும் கடிதம், எடுத்துத் தருவாராம். போய் இரண்டு வருடத்தில் பிஆர் (நிரந்தர வதிவிடம்) நிச்சயமாம். பாதிக் காசு முன்பணமாம். இந்தத் தொழிலை வைத்துக் கனடா போகலாமா, இங்கிலீஷ் வகுப்புக்குப் போக டிப்பரை விட்டுவிடலாமா என்று இரண்டு கேள்வி. இடையில் சும்மா போகிற போக்கில் ஒரு வரி: அம்மா காணி உறுதியை ஈடு வைக்கச் சம்மதித்துவிட்டாராம். தம்பி, நீங்கள் உண்மையில் கேட்டது அந்த வரியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு நேர்ப் பதில்: வைக்க வேண்டாம். முன்பணமும் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதையும், வேறு என்ன வழி இருக்கிறது என்பதையும் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

யார் சொல்கிறான் என்று தெரிந்தால்தானே நம்புவதா விடுவதா என்று யோசிக்கலாம். 1997இல், கிளிநொச்சிச் சனம் மல்லாவிப் பக்கம் இருந்த காலத்தில், மாமாவின் பழைய லேலண்டில் கிளீனராக ஏறியவன் நான். 2002இல் ஏ9 திறந்த பிறகு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் நானே ஓடினேன். 2006 தொடக்கத்தில் சவூதி. தம்மாமில் ஐந்து வருடம் ட்ரெயிலர். 2011இல் கனடா, ஒன்ராறியோவில் பதினொரு வருடம் நெடுந்தூர ஓட்டம். முதுகு விட்டுப்போனதும் அப்பாவின் வயலைப் பார்க்கப் பரந்தனுக்குத் திரும்பிவிட்டேன். இப்போது வாரத்துக்கு ஒருவராவது கையில் ஒரு பைலோடு விறாந்தையில் வந்து இருக்கிறார். நான் சட்டத்தரணி இல்லை, அனுமதி பெற்ற குடிவரவு ஆலோசகரும் இல்லை. ஆகவே ஒருவருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதில்லை. லைசன்ஸ், றோட்டு, வேலை பற்றிச் சொல்வது கைப்பட்ட அனுபவம். விசா விதிகள் அரசாங்க அறிவித்தல்களில் உள்ளவை. அவை அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கிற அன்று கனடா குடிவரவுத் துறையின் இணையத்தளத்தை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் லொறியைக் காட்டிக் கனடா போகவில்லை. மனைவி அங்கே இருந்தார், ஸ்பொன்சர் செய்தார், போனேன். முகநூலில் பெரிய லொறிக்கு முன்னால் நின்று படம் போடுகிற நம்மவர்களை எண்ணிப் பாருங்கள். அகதியாகப் போனவர், கலியாணம் முடித்துப் போனவர், படிக்கப் போனவர் என்றுதான் இருக்கும். போய்க் காலூன்றி, பிறகு லைசன்ஸ் எடுத்து லொறியில் ஏறியவர்கள். வேலை அனுமதியே லொறியால் கிடைத்தது என்று சொல்லக்கூடியவர்கள் என் பழக்கத்தில் மூன்று பேர். மூவரும் துபாயில் பத்து வருடத்துக்கு மேல் ட்ரெயிலர் ஓடிய பஞ்சாபிகள். அந்த முகநூல் படத்தைப் பார்த்துத்தான் வன்னியில் பாதிப் பேர் ஏஜென்டிடம் போகிறார்கள். படத்தில் இருப்பவர் எந்த வழியால் போனார் என்று கேட்பதில்லை.

சரி, புள்ளி பார்த்து நேரே பிஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிறார்களே, அதில் நேராகப் போக முடியாதா? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய தொழில் பட்டியலில் லொறி ஓட்டுநர் அந்த முறைக்கு உள்ளேயே வரவில்லை. 2022 நவம்பர் 16 முதல் புதிய பட்டியல் வந்தது. அதில் லொறி ஓட்டுநருக்கு இலக்கம் 73300, தரம் மூன்று. அன்றிலிருந்து உள்ளே வரலாம். இது உண்மை, ஏஜென்டும் இதைத்தான் சொல்வார். அவர் சொல்லாதது அடுத்த படி. வெளிநாட்டு அனுபவத்தோடு வருபவர் முதலில் நூற்றுக்கு 67 புள்ளி எடுக்க வேண்டும். உங்கள் வயதுக்கு 12. ஐஈஎல்டிஎஸ் பொதுப் பரீட்சையில் நான்கு பகுதியிலும் 6 எடுத்தால் 16; அதற்குக் குறைந்தால் கதையே இல்லை. ஏ.எல். படிப்புக்கு 5. ஆறு வருட அனுபவத்துக்கு 15. மொத்தம் 48. கனடாவில் சொந்த அண்ணனோ மாமாவோ இருந்தால் இன்னும் 5. உங்கள் இங்கிலீஷ் எவ்வளவு உயர்ந்தாலும் மொழிக்கு 24க்கு மேல் கிடையாது. பிரெஞ்சும் தெரிந்திருந்தால் இன்னும் 4. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாலும் 65தான் வருகிறது. நீங்கள் கலியாணம் ஆகாதவர் என்றால், அங்கே ஒரு முதலாளி முறையான வேலை தந்தால்தான் 67ஐத் தாண்டலாம்.

தாண்டியவுடன் முடிந்துவிடாது. உள்ளே இருப்பவர்களுக்குள் இன்னொரு தரவரிசை இருக்கிறது, அது 1200 புள்ளிக் கணக்கு. மேலே சொன்ன அதே 28 வயது, அதே 6 என்று போட்டால் எனக்கு வருவது சுமார் 230. 2023 செப்டெம்பரில் போக்குவரத்துத் தொழில்களுக்கென்று தனியாக முதல் அழைப்பு விட்டார்கள். அந்தச் சலுகைச் சுற்றிலேயே 435 கேட்டார்கள். 2025 பெப்ரவரியில் அந்தப் போக்குவரத்துப் பிரிவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே, வேலை கிடைத்தவருக்குத் தரவரிசையில் கொடுத்துவந்த 50 புள்ளியையும் நிறுத்தினார்கள். எல்எம்ஐஏ காகிதம் இவ்வளவு விலைக்கு விற்கப்பட்டதற்கு அந்த 50 புள்ளியும் ஒரு காரணம். அதை உடைக்கத்தான் நிறுத்தினார்கள். உங்களுக்கு வந்த வட்ஸ்அப் விளம்பரம் 2023ஆம் ஆண்டுச் செய்தியை இன்னும் சுடச்சுட விற்றுக்கொண்டிருக்கிறது. காலாவதியான பிஸ்கட்டைப் புதுப் பெட்டியில் போட்டது மாதிரி.

இனி அந்த எல்எம்ஐஏ. அது விசா இல்லை, வேலை அனுமதியும் இல்லை. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளியாரை எடுத்துக்கொள்ளலாம் என்று கனடா அரசாங்கம் முதலாளிக்குக் கொடுக்கும் கடிதம். விண்ணப்பிப்பவர் முதலாளி. கட்டணம் ஒரு வேலைக்கு 1000 டொலர், அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும். அந்தக் காசையோ ஆள் பிடித்த செலவையோ தொழிலாளியிடம் அறவிடக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே 35 லட்சத்துக்கு எல்எம்ஐஏ என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று. காகிதம் பொய்யாக இருக்கும். அல்லது காகிதம் மெய்யாக இருந்து, அதை விற்கிற முதலாளி சட்டத்தை மீறுகிறவராக இருப்பார். இரண்டாவது வகை நல்லதுதானே என்று என்னிடம் ஒருவர் கேட்டார். இல்லை. வேலை அனுமதி அந்த ஒரு முதலாளியின் பெயரோடு கட்டுப்பட்டது. காகிதத்தை விற்றவர், போய் இறங்கிய பிறகு சம்பளத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டாலும் நீங்கள் வேறு கம்பனிக்கு ஓடிவிட முடியாது. கொடுமைக்கு உள்ளானவருக்கு 2019 முதல் தனி வேலை அனுமதி ஒன்று உண்டு, ஆனால் அதற்குச் சாட்சி காட்ட வேண்டும், அலைய வேண்டும்.

பொய்க் காகிதம் எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். விசுவமடுவிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். வழுவழுப்பான தாள், மேப்பிள் இலைச் சின்னம், கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு. கம்பனி சஸ்காச்சுவான் மாகாணத்தில் என்று எழுதியிருந்தது. அஞ்சல் குறியீடு எம் எழுத்தில் தொடங்கியது. கனடாவில் எம் என்றால் ரொறன்ரோ, சஸ்காச்சுவானுக்கு எஸ். பதினொரு வருடம் பொருள் இறக்குகிற சீட்டில் அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதால் முதல் நிமிடத்திலேயே பட்டது. அவர் அதற்குள் 9 லட்சம் கொடுத்திருந்தார். மனைவியின் தாலிக்கொடி வங்கியில். நான் குறியீட்டைக் காட்டியதும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அண்ணை, இதை வீட்டில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்றார்.

நீங்களே சரிபார்க்க வழி இருக்கிறது. எல்எம்ஐஏ கிடைத்த முதலாளிகளின் பட்டியலைக் கனடா அரசாங்கம் காலாண்டுக்கு ஒருமுறை இணையத்தில் போடுகிறது; கம்பனிப் பெயரைத் தேடலாம். காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல அனுமதி உள்ளவர்கள் முக்கியமாக அங்கத்தைய சட்டத்தரணிகளும், பதிவு பெற்ற ஆலோசகர்களும். பதிவு பெற்ற ஆலோசகர் என்றால் இலக்கம் இருக்கும், அதுவும் இணையத்தில் பொதுப் பதிவேட்டில் தெரியும். இலங்கைப் பக்கத்தில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற முகவர் பட்டியல் அவர்களின் இணையத்தளத்தில் இருக்கிறது, 1989க்கு அழைத்தும் கேட்கலாம். அனுமதி இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு, அந்த நாட்டுக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். வவுனியாக்காரர் இதைக் கேட்டுக் கோபப்பட்டால் உங்களுக்கு 35 லட்சம் மிச்சம்.

இப்போது ஒரு பேச்சுக்கு, நேர்மையான முதலாளி ஒருவர் உங்களை எடுக்க நினைக்கிறார் என்றே வைப்போம். அவர் உங்களிடம் என்ன பார்ப்பார்? முதலில் லைசன்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் ஊரில் கனரகம் என்று பொதுவாகச் சொல்கிறோம், அட்டையில் அது மூன்று. சி1 என்றால் மொத்த எடை 17,000 கிலோவரை. எல்ஃப், சின்ன டிப்பர் எல்லாம் இதற்குள் அடங்கும். சி என்றால் அதற்கு மேல். சிஈ என்றால் இழுவையோடு சேர்ந்த நீளமான வண்டி. கனடாவில் நெடுந்தூரம் ஓடுவது எல்லாம் இந்தக் கடைசி வகை. நம் பக்கத்தில் ஆற்று மணலும் கிரவலும் ஏற்றுகிறவர்கள் அநேகமாகச் சி1 அல்லது சி. ட்ரெயிலர் பிடித்தவர் என்றால் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் ஓடியவராக இருக்கும். ஆறு வருடம் டிப்பர் பெரிய அனுபவம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. முறிகண்டிக்கு அப்பால் மாரி காலத்துக் குறுக்கு வீதிகளில் லோட்டோடு டிப்பரைக் குடை சாயாமல் எடுத்துவருபவனுக்குக் கைவேலை தெரியும். ஆனால் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பது வேறு வித்தை. அந்த அனுபவம் இருப்பதாக ஏஜென்ட் உங்கள் பெயரில் பொய்க் கடிதம் எழுதினால், மாட்டுவது அவர் இல்லை. பொய் சொன்னதாகத் தீர்மானித்தால் கனடா உங்களை ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்க விடாது.

வன்னிக்காரருக்கு அடுத்த இடறல், இருக்கிற அனுபவத்துக்கே காகிதம் இல்லாதது. நடைக்கு இவ்வளவு என்று கையில் காசு. சம்பளச் சீட்டு இல்லை, ஈபிஎஃப் இல்லை, சேவைக் கடிதம் இல்லை. முதலாளி பெரும்பாலும் சொந்தக்காரன் அல்லது ஊர்க்காரன். கேட்டால் நம்பிக்கை இல்லையா என்பான். விசா அதிகாரிக்கு உங்கள் ஆறு வருடம் ஆறு வரியாகக்கூடத் தெரியாது. 2009இல் எல்லாம் விட்டுவிட்டு வந்த வயதானவர்களுக்கு இது இன்னும் கொடுமை, பழைய லைசன்ஸே இல்லை. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் லைசன்ஸ் எப்போது, எந்த வகுப்புக்குக் கொடுக்கப்பட்டது என்று உறுதிப்படுத்தும் கடிதம் எடுத்து வையுங்கள். ஒன்ராறியோவில் சாதாரண கார் லைசன்ஸுக்குக்கூட அந்தக் கடிதம் உதவும். அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக் காத்திருக்கும் காலத்தைக் குறைப்பார்கள்.

கார் லைசன்ஸ் என்றுதான் சொன்னேன். இலங்கைக் கனரக லைசன்ஸைக் கொடுத்து அங்கத்தைய கனரக லைசன்ஸை வாங்க முடியாது. முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் அதற்கு ஏஇசட் என்று பெயர், மேற்கு மாகாணங்களில் கிளாஸ் ஒன்று. 2017 ஜூலையிலிருந்து ஒன்ராறியோவில் பரீட்சைக்கு முன் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். மற்ற மாகாணங்கள் பின்னால் வந்தன. சஸ்காச்சுவானிலும் அல்பேர்ட்டாவிலும் அது 2019இல் வந்ததற்குக் காரணம் ஒரு விபத்து. 2018 ஏப்ரலில் ஹம்போல்ட் என்ற ஊரின் ஹொக்கி அணி போன பேருந்தின் குறுக்கே, நிறுத்தற் பலகையைக் கவனிக்காமல் ஒரு லொறி வந்தது. 16 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன, இந்தியாவிலிருந்து போன பிஆர்காரர். எட்டு வருடச் சிறை, அதன்மேல் நாடுகடத்தல் உத்தரவு. அங்கே வேலை செய்கிற எங்களுக்கு அந்தக் கதை ஒரு நாளும் தலையை விட்டுப் போகாது.

பரீட்சை பற்றி என் அனுபவம் ஒன்று. முதல் தடவை பெயிலானேன், அதுவும் ஒரு அடிகூட ஓட்டாமல். லொறியைச் சுற்றிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டிய பகுதி அது. நான் ரயரைத் தட்டினேன், பிறேக் குழாயைத் தொட்டேன், லைட்டைப் பார்த்தேன், குனிந்து எழும்பினேன். நம் ஊரில் கிளீனராக இருந்த காலத்திலிருந்து செய்கிற வேலை, ஸ்பானரால் ரயரைத் தட்டினால் சத்தத்திலேயே காற்று தெரியும். பரீட்சை வைத்த பெண் அதிகாரி கையில் தாளோடு நின்றார். பதினைந்து நிமிடம் கழித்து, நீ ஒன்றையும் சோதிக்கவில்லை என்றார். வாயால் சொல்ல வேண்டுமாம். ஒவ்வொன்றையும் தொட்டு, இது இன்னது, வெடிப்பு இல்லை, கசிவு இல்லை, ஆட்டம் இல்லை என்று இங்கிலீஷில் உரக்கச் சொல்ல வேண்டும். எயார் பிறேக் சோதனையும் அப்படித்தான். காற்றை மிதித்து மிதித்து இறக்க வேண்டும், குறிப்பிட்ட அளவுக்கு இறங்குமுன் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும், அதற்கும் கீழே போனால் பிறேக் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரியும், சொல்லத் தெரியவில்லை. அடுத்த மூன்று கிழமை மனைவியை வீட்டுக் கதிரையில் இருத்தி, சாப்பாட்டு மேசையை லொறி என்று வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிச் சொல்லிப் பழகினேன். நாலு காலையும் தொட்டுச் சொல்லச் சொல்லி அவர் பிழை பிடித்தார். இரண்டாம் தடவை பாஸ்.

ஒரு விஷயத்தில் நமக்கு வாசி உண்டு. பல வட அமெரிக்க லொறிகளில் பத்து, பதின்மூன்று கியர், சிங்க்ரோ இல்லாதது. இரண்டு முறை கிளட்ச் மிதித்துத்தான் மாற்ற வேண்டும். புதிதாகப் பழகும் பிள்ளைகள் அதில்தான் அழுவார்கள். பழைய லேலண்டில் பழகிய காலுக்கு அது பழைய வேலை. 2022 ஜூலைக்குப் பிறகு ஒன்ராறியோவில் ஓட்டோமெட்டிக்கில் பரீட்சை எடுத்தால் லைசன்ஸிலேயே ஓட்டோமெட்டிக் மட்டும் என்று எழுதிவிடுகிறார்கள்.

வேலை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் சொல்கிறேன். ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இயந்திரம் கணக்கு வைக்கும், ஏமாற்ற முடியாது. தை மாதம் வட ஒன்ராறியோவில் 11ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மைனஸ் 30. பனிக்காற்று வந்தால் முன்னால் போகிற லொறியின் பின்லைட்டும் தெரியாது, மான் குறுக்கே வந்தாலும் பிறேக்கை ஓங்கி மிதிக்க முடியாது. கிழமைக்கு ஐந்து இரவு லொறிக்குள் படுக்கை. அப்புறம் இன்னொரு பொறி: சில கம்பனிகள் உங்கள் பெயரிலேயே ஒரு கம்பனி பதியச் சொல்லி அதன் கணக்கில் காசு போடுவார்கள். கையில் கூடுதலாகத் தெரியும். ஆனால் விடுமுறைச் சம்பளம் இல்லை, வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, முதுகு போனால் நட்டஈடும் இல்லை. வேலை அனுமதியில் போனவர் அப்படிச் செய்தால் அனுமதியின் நிபந்தனையே உடைந்து, பிஆருக்குக் காட்ட வேண்டிய அனுபவமும் கணக்கில் வராமல் போகும். இன்னொன்று, இலங்கைக் கடவுச்சீட்டில் இருக்கும்வரை அமெரிக்க எல்லையைத் தாண்ட அமெரிக்க விசா வேண்டும். நல்ல காசு கிடைக்கும் ஓட்டங்களில் நிறைய எல்லை தாண்டுபவை. அதனால் ஆரம்பத்தில் உள்நாட்டு ஓட்டம்தான் கிடைக்கும்.

கனடாவுக்குள் எனக்கு ஓரளவு நியாயமாகத் தெரிகிற ஒரு வாசல், அட்லாண்டிக் கரையோர நான்கு மாகாணங்களின் திட்டம். அதில் அரசாங்கம் அங்கீகரித்த முதலாளி வேலை தந்தால் எல்எம்ஐஏ தேவையில்லை, இங்கிலீஷும் கனடாவின் மொழி அளவுகோலில் ஐந்தாம் நிலை போதும், நேரே பிஆருக்கே போகலாம். ஆனால் கடந்த ஐந்து வருடத்துக்குள் 1560 மணி நேரச் சம்பள வேலையைக் காகிதத்தில் காட்ட வேண்டும். பழையபடி காகிதத்துக்கே வந்து நிற்கிறோம். சஸ்காச்சுவான் ஒரு காலத்தில் லொறி ஓட்டுநர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. 2025இல் லொறித்துறைக்கு உச்சவரம்பு போட்டுவிட்டது. இந்த மாகாண விஷயங்கள் மாரி மழை மாதிரி, எப்போது பெய்யும் எப்போது ஓயும் என்று சொல்ல முடியாது. இதை நம்பித் திட்டம் போடக் கூடாது, திறந்தால் உடனே புகத் தயாராக இருக்கலாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் இல்லை, 2021 கடைசியில் சில மாதம் தற்காலிக விசா கொடுத்தார்கள், அதோடு சரி. அமெரிக்கா 2025 ஓகஸ்டில் லொறி ஓட்டுநர்களுக்கான வேலை விசாவை நிறுத்தியது. போலந்து, லித்துவேனியா, ருமேனியா என்று ஏஜென்ட்கள் சொல்வது முழுப் பொய் இல்லை, அங்கே வெளிநாட்டு ஓட்டுநர்கள் ஓடுகிறார்கள். ஆனால் ஐரோப்பிய லைசன்ஸும், அதன்மேல் கோட் 95 என்ற தொழில் தகுதியும் வேண்டும். அதற்குப் பயிற்சி 140 முதல் 280 மணி நேரம். அந்தச் செலவை யார் கட்டுகிறார், எந்த மொழியில் பரீட்சை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாமல் விட்டால் போய் இறங்கிக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குவதுதான் வேலை.

உங்கள் வயதுக்கு நான் இப்போது கூடுதலாகச் சொல்வது ஜப்பான். ஆச்சரியப்பட வேண்டாம். 2024 மார்ச்சில் அவர்கள் தங்கள் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் திட்டத்தில் வாகனப் போக்குவரத்தையும் சேர்த்தார்கள். ஐந்து வருடத்துக்கு 24,500 பேர்வரை எடுப்பதாக அப்போது கணக்குப் போட்டார்கள். இலங்கையோடு 2019இலேயே அந்தத் திட்டத்துக்கு உடன்படிக்கை இருக்கிறது. லொறிக்கு ஜப்பான் மொழிப் பரீட்சையில் என்4 என்ற அடிப்படை நிலை போதும், அதோடு ஒரு திறன் பரீட்சை. போன பிறகு நம் லைசன்ஸை ஜப்பான் லைசன்ஸாக மாற்ற வேண்டும், அதற்கு ஆறு மாதம்வரை தனி விசா கொடுக்கிறார்கள். மாற்றும் பரீட்சை 2025 ஒக்டோபரிலிருந்து கடினமாகிவிட்டது. 50 கேள்வியில் 45 சரியாக வேண்டும். நல்ல விஷயம், அவர்களும் நம்மைப் போல் இடது பக்கம் ஓடுகிறார்கள். கெட்ட விஷயம், இந்த விசாவில் ஐந்து வருடத்துக்கு மேல் இருக்க முடியாது, குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது. ஆகவே இதைக் குடியேற்றம் என்று நினைக்காதீர்கள். மொழி படிப்பதுதான் பெரிய செலவு. அதைக் கிளிநொச்சியில் இருந்தே தொடங்கலாம், காணியை ஈடு வைக்கத் தேவையில்லை.

வளைகுடாவும் அப்படித்தான், குடியேற்றம் கிடையாது. எவ்வளவு வருடம் இருந்தாலும் ஒரு நாள் திரும்ப வேண்டும். ஆனால் எனக்குச் சவூதி ஒன்றைத் தந்தது. ஒப்பந்தம், இக்காமா என்ற வதிவிட அனுமதி, வங்கியில் விழுந்த சம்பளம், கம்பனி முத்திரையோடு ஐந்து வருட ட்ரெயிலர் அனுபவக் கடிதம். ஒன்ராறியோவில் முதல் கம்பனி என்னை எடுத்தது அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான். கிளிநொச்சியில் ஓடிய வருடங்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பஞ்சாபிகளும் துபாய்க் கடிதத்தைத்தான் காட்டினார்கள். உங்களைப் போல 28இல், ட்ரெயிலர் அனுபவம் இல்லாதவருக்கு, பணியகத்தில் பதிந்து வளைகுடாவில் மூன்று நாலு வருடம் ட்ரெயிலர் ஓடுவது கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சேர்த்துப் போடும் அடித்தளம். சிஈ வகுப்பை இங்கேயே எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கடைசிக் கேள்வி, டிப்பரை விடலாமா என்பது. விட வேண்டாம். வகுப்பு சனி ஞாயிறில் வைக்கிற இடமாகப் பாருங்கள், அல்லது மாலையில். டிப்பர் முதலாளியிடம் போய், இந்த மாதத்திலிருந்து ஈபிஎஃப் கட்டச் சொல்லுங்கள், உங்கள் பங்கு எட்டு வீதம், அவர் பங்கு பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டைக் கட்டத் தயங்கினால் நடைக் காசில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சம்மதியுங்கள், அது உங்களுக்கு நட்டமில்லை. சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். இரண்டு வருடம் அப்படி ஓடினால், எந்த நாடு கதவைத் திறந்தாலும் நீட்ட ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். அம்மாவிடம் உறுதியைத் திரும்ப றங்குப்பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். முன்பணம் ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்திருந்தால், கேள்வியில் அப்படிச் சொல்லவில்லை என்றாலும் கேட்கிறேன், வெட்கப்படாமல் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு போடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் வங்கியில் அனுப்பிய கணக்கு இலக்கமாவது இருக்கும்.